நரகத்துச் சுவரில் செல்லாயி அக்கா

போன வாரம் பதுளை ஆஸ்பத்திரிக்குப் பல் பிடுங்கிக்கொள்ளப் போயிருந்தேன். கடைவாய்ப் பல். எழுபது வயதுவரை என்னோடு ஒழுங்காக இருந்துவிட்டு இப்போது தனியாகப் போகவேண்டும் என்று அடம்பிடித்தது. பல் டாக்டரின் அறைக்கு வெளியே ஒரு நீள பெஞ்சு போட்டிருந்தார்கள். அதில் என்னையும் சேர்த்து ஏழு பேர். உள்ளே கிண்ணத்தில் ஏதோ இரும்பு விழுகிற சத்தம் அடிக்கடி கேட்டது. ஏழு பேரில் ஒருவர்கூடக் கண்ணை அகல விரிக்கவில்லை. வாயைப் பிளக்கவில்லை. ஒரு தபால்காரர் தன் சட்டைப் பொத்தானை ரொம்ப அக்கறையாகப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு அம்மாள் பக்கத்திலிருந்தவரிடம், இந்த மழைக்குப் பண்டாரவளையில் கோவா, அதுதான் முட்டைக்கோஸ், நன்றாக வந்திருக்கிறதா என்று விசாரித்தார். அவர் வந்திருக்கிறது என்றார். கொஞ்சநேரம் கழித்து அந்த அம்மாள் மறுபடியும் அதே கேள்வியைக் கேட்டார். அவரும் முதல்தடவை கேட்பதுபோலவே பதில் சொன்னார்.

எனக்கு வலி மறந்துவிட்டது. இந்த முகங்களைத் தேடித்தான் ஒரு காலத்தில் ஹாலிஎலை மலைகளில் பைத்தியக்காரன் மாதிரி அலைந்தேன். இப்படி ஒரு பெஞ்சு இருக்கும் என்று அப்போது யாராவது சொல்லியிருந்தால் சேதாரம் குறைந்திருக்கும்.

அந்த இடம் முழுக்கக் கிராம்புத் தைல வாசம். மற்றவர்களுக்கு அது பல்வலியின் வாசம். எனக்கு அது வேலையின் வாசம். சுவரில் படம் போடுகிறவர்கள் வண்ணப்பொடியை வேப்பம்பிசின் தண்ணீரில் குழைப்பார்கள். பிசின் தண்ணீர் மூன்றே நாளில் செத்த எலி மாதிரி நாறும். அதற்காக நான் இரண்டு சொட்டுக் கிராம்புத் தைலம் விடுவேன். இந்த வித்தையை எனக்குச் சொன்னவர் மீரா நானா. முஸ்லிம் அண்ணன்மாரை இங்கே நானா என்றுதான் கூப்பிடுவோம். பதுளைக் கடைவீதியில் ஆணி, கீல், விளக்கெண்ணெய், வர்ணம் எல்லாம் வைத்திருந்தவர். அவர் கடையின் பின்பக்கத்தில்தான் எனக்கு ஜாகை. அப்போது ரயில் பண்டாரவளையோடு நின்றுவிடும். திருச்சிப் பக்கத்திலிருந்து கடல் தாண்டி வந்த நான் அங்கே இறங்கி, மாட்டு வண்டியில் பாதியும் நடையில் பாதியுமாகப் பதுளைக்கு வந்து சேர்ந்தேன். வந்தபோது இருபத்துநாலு வயது, ஒரு பெட்டி, ஆறு தூரிகை.

என் தொழில் எழுத்து. கடைப் பலகை, தகரப் பெட்டியில் பெயர், வண்டிக்கு இலக்கம், சவக்காலைச் சிலுவையில் பிறந்ததும் இறந்ததும். என் 'ழ'வுக்குக் கடைவீதியில் நல்ல பெயர். உருவம் வரைவது மட்டும் கையில் வரவில்லை. ஒரு சோடாக் கடைப் பலகையில் சிங்கம் போட்டுக் கொடுத்தேன். பார்த்தவர்கள் எல்லோரும் நாய் என்றார்கள். சோடாக்காரர் நல்ல மனிதர், வாதாடவில்லை. நாய் சோடா என்றே விற்றார். நன்றாகப் போயிற்று.

இந்த நிலைமையில்தான் ஹாலிஎலைக்கு மேலே உள்ள ஒரு தேயிலைத் தோட்டத்தின் பெரிய கங்காணி கடைக்கு வந்தார். தோட்டத்தின் பெயர் வேண்டாம். அவருடைய பேரன்கள் இன்றும் என்னைத் தெருவில் பார்த்தால் வணக்கம் சொல்கிறார்கள். ஆட்களை ஊரிலிருந்து கூட்டிவருவதும் அவர்களை வேலை வாங்குவதும் அவர்தான். கோட்டுப் போட்டு, தலைப்பாகை கட்டி, கடுக்கன் போட்டிருந்தார். மாரியம்மன் கோயிலுக்குப் புதிதாக முன்மண்டபம் கட்டியிருந்தார்.

"படம் போடுவியா?" என்று கேட்டார்.

"எழுத்துதாங்க நம்ம தொழில். படமும் போடுவேன்."

இரண்டாவது வாக்கியத்தை நான் சொல்லியிருக்க வேண்டியதில்லை.

"மண்டபத்துச் சுவத்துல நரகம் போடணும். பாக்குறவனுக்கு வயிறு கலங்கணும். பெரட்டுக்கு வராதவன், சொல்லாம கொள்ளாம அடுத்த தோட்டத்துக்குப் போறவன், எல்லாரும் அதுல வேகணும்."

காலையில் ஆட்களை வரிசையாக நிறுத்தி வேலை பிரித்துக் கொடுப்பதற்குப் பெரட்டு என்று பெயர். அதற்கு வராதவர்களுக்குப் புராணத்தில் தனி நரகம் இருப்பதாக நான் கேள்விப்பட்டதில்லை. ஆனால் கங்காணி நிச்சயமாகச் சொன்னார். நான் ஒப்புக்கொண்டேன். மீரா நானா வண்ணப்பொடி கட்டிக்கொடுக்கும்போது, "தம்பி, நாயை மட்டும் எங்கேயும் போட்டுராதீங்க" என்றார்.

மலைச்சரிவை வெட்டிச் சமமாக்கி அந்தக் கோயிலைக் கட்டியிருந்தார்கள். மண்டபத்துக்கு இடப்பக்கம் மலை. வலப்பக்கச் சுவருக்கு அந்தப் பக்கம் பள்ளத்தாக்கு. அந்த வலச்சுவர்தான் எனக்குக் கொடுத்த நரகம். ஐப்பசியில் ஏணி போட்டேன். எனக்குத் தெரிந்த பயம் முழுவதையும் அதில் இறக்கினேன். எனக்குத் தெரிந்தது பெரிய கண், பிளந்த வாய், நீட்டிய நாக்கு. எமதூதர்கள் நால்வருக்கும் கொம்பு வைத்தேன். எண்ணெய்க் கொப்பரையில் பதினொரு பாவிகளை நிறுத்தினேன். சொல்லாமல் கொள்ளாமல் போனவர்கள் என்று தெரிவதற்காகத் தலையில் ஒரு துணிமூட்டையும் வைத்துவிட்டேன். பதினொரு பேரும் வாயைப் பிளந்து மேலே பார்த்தார்கள். கீழே இறங்கித் தள்ளி நின்று பார்த்தேன். கொப்பரைக்குள் ஒரு பஜனைக் கோஷ்டி நின்று பாடுகிற மாதிரி இருந்தது.

முதலில் சிரித்தவர் செல்லாயி அக்கா. கொழுந்து பறிக்கிறவர். முப்பத்தைந்து, முப்பத்தாறு வயதிருக்கும். புருஷன் இல்லை. ஒரே மகள், அவளுக்குப் பூனாகலைத் தோட்டத்தில் மாப்பிள்ளை பேசிக்கொண்டிருந்தார்கள். மழையில் நனைந்த கம்பளியைக் காயப்போட இடம் தேடிக் கோயிலுக்குள் வந்தவர், என்னைக் கேட்காமலே என் ஏணியில் அதை விரித்துப் போட்டார். பிறகு நரகத்தை நிதானமாக, இந்த மூலையிலிருந்து அந்த மூலைவரை பார்த்தார்.

"தம்பி, இந்தப் பூதத்துக்குப் பல்லு வலிங்களா?"

அன்று சாயந்திரத்துக்குள் தொழிலாளர் குடியிருக்கும் லயத்து வீடுகள் எல்லாவற்றிலும் அந்தப் பெயர் பரவிவிட்டது. எமதூதன் பல்வலிப் பூதமாகிவிட்டான். பகல் சாப்பாட்டு நேரத்தில் சனங்கள் நரகத்துக்கு எதிரே உட்கார்ந்து ரொட்டி தின்றார்கள். பார்த்துக்கொண்டே தின்றால் நேரம் போவது தெரியவில்லை என்று ஒருவர் என்னிடம் மரியாதையாகச் சொன்னார்.

கார்த்திகையில் கங்காணி வந்து பார்த்தார். "ஏம்ப்பா, சனங்க சிரிக்குது" என்றார். குரலை உயர்த்தவில்லை. "மாசித் திருவிழாவுக்குள்ள சிரிப்பு நிக்கணும்."

அதன் பிறகுதான் நான் பயத்தைப் பற்றி விசாரிக்க ஆரம்பித்தேன். யாரைப் பார்த்தாலும் உங்களுக்கு எதைக் கண்டால் பயம் என்று கேட்டேன். ஒருவர் சிறுத்தை என்றார். பார்த்திருக்கிறீர்களா என்றால், இல்லை, பார்த்திருந்தால் பயம் தெளிந்திருக்கும் என்றார். மீரா நானாவைக் கேட்டேன். "எனக்கென்ன பயம்" என்று சொல்லிவிட்டு, எழுந்துபோய்ப் கடைக் கதவின் தாழ்ப்பாளைத் தொட்டுப் பார்த்துவிட்டு வந்து உட்கார்ந்தார். ஒரு கைக்கண்ணாடி வாங்கி என் முகத்தையே பயமாக வைத்துப் பழகினேன். இதைப் பார்த்துவிட்ட நானா, வயிறு சரியில்லையா என்று கேட்டு ஓமத்தண்ணீர் கொடுத்தார். குடித்தேன்.

செல்லாயி அக்காவையும் கேட்டேன்.

"பயம் வர்றப்ப எல்லாம் கையில ஏதாவது வேலை இருந்துச்சு தம்பி. நின்னு பாத்ததில்ல."

இதை நான் ஒரு பதிலாகவே எடுத்துக்கொள்ளவில்லை. படிக்காதவர், சொல்லத் தெரியவில்லை என்று நினைத்தேன். நானும் 'ழ'வைத் தவிரப் பெரிதாக எதுவும் படித்தவன் இல்லை என்பது அப்போது ஞாபகத்துக்கு வரவில்லை.

மார்கழியில் மழை பிடித்தது. எங்கள் ஊவா மலைப்பக்கத்து மார்கழி மழை உங்களுக்குத் தெரிந்திருக்கும். அதற்குத் தொடங்கவும் தெரியும், நிற்க மட்டும் தெரியாது. ஆறாவது நாள் கொழுந்து பறிக்க ஆட்களை அனுப்பவில்லை. நான் ஏணியில் நின்று ஒரு கொம்பைச் சரிசெய்துகொண்டிருந்தேன். உச்சிப்பொழுது. செல்லாயி அக்கா மண்டபத்தைக் கூட்ட வந்திருந்தார். அடுப்பில் பருப்பு ஏற்றிவிட்டு வந்திருப்பதாகவும், அது வேகிறதற்குள் போகவேண்டும் என்றும் சொல்லிக்கொண்டே கூட்டினார்.

மலை விழுகிறதென்றால் பெரிய சத்தம் கேட்கும் என்று நினைத்திருந்தேன். கேட்டது ஒரு பெருமூச்சு மாதிரித்தான். இடப்பக்கச் சுவர் நடுவில் வயிறு வைத்தது. அதில் ஒரு கல் எட்டிப் பார்த்தது. பிறகு மண் உள்ளே வந்தது. அவசரமே இல்லாமல், அழைப்பு வைத்த வீட்டுக்கு வருகிற மாதிரி வந்தது. ஏணி சாய்ந்தது. என் முதுகு நரகத்தோடு ஒட்டியது. கண்ணைத் திறந்தபோது இடுப்புவரை சேற்றில் நின்றுகொண்டிருந்தேன். காலை அசைக்க முடியவில்லை. எதிரே நாலைந்து முழத்தில் செல்லாயி அக்கா. தோள்வரை மண். கூரை மரம் ஒன்று இடது தோளின் மேல் குறுக்கே விழுந்திருந்தது. அதற்கு மேல் தகரம். தகரத்துக்கு மேல் மிச்ச மலை, விழலாமா வேண்டாமா என்று நின்றது.

லயத்திலிருந்து ஆட்கள் ஓடிவந்தார்கள். மண்வெட்டி போட்டால் மேலே இருப்பதும் இறங்கிவிடும் என்று யாரோ சொன்னார்கள். கையால் அள்ளத் தொடங்கினார்கள். உச்சியிலிருந்து இருட்டும்வரை அள்ளினார்கள். அவ்வளவு நேரமும் தகரம் தலையை ஒட்டி நின்றதால் எனக்குக் கழுத்தைத் திருப்ப இடமில்லை. செல்லாயி அக்காவுக்கும் இல்லை. ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தோம்.

அவர் அலறவில்லை. சாமியைக் கூப்பிடவில்லை. வெளியே இருந்தவர்களிடம் சாதாரணக் குரலில், "அடுப்புல பருப்பு இருக்கு. யாராவது எறக்கி வெச்சாங்களா பாருங்க" என்றார். வைத்தாயிற்று என்று பதில் வந்தது. கொஞ்சநேரம் கழித்து மறுபடியும் கேட்டார். நாலு தடவை கேட்டார். முகத்தில் ஒன்றுமே இல்லை. எல்லாவற்றையும் எடுத்து வெளியே வைத்துவிட்ட வீடு மாதிரி இருந்தது. கண் பெரிதாகவில்லை, சின்னதாகிவிட்டது. மேல் உதடு ஒரு பக்கம் மட்டும் காய்ந்து பல்லோடு ஒட்டிக்கொண்டது. அதை நாக்கால் நனைக்கவேண்டும் என்றுகூட அவருக்குத் தோன்றவில்லை. தகரத்தில் ஒரு கல் உருளும்போதெல்லாம் அந்த முகம் ரொம்ப மரியாதையான முகமாக மாறியது. பெரிய இடத்தில் யாரோ பேசுகிறார்கள், குறுக்கே பேசக்கூடாது என்பது போல.

அந்தச் சமயத்தில் நான் என்ன நினைத்தேன் என்பதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. நீங்கள் நண்பர் என்பதால் சொல்கிறேன். ஓ, உதடு இப்படித்தான் ஒட்டுமா என்று நினைத்தேன்.

என்னை முதலில் எடுத்தார்கள். எனக்கு ஒரு செருப்பு மட்டும் நஷ்டம். செல்லாயி அக்காவுக்குத் தோள் எலும்பு முறிந்திருந்தது. கையைக் கட்டித் தொங்கவிட்டு, லயத்தில் அவர் இருந்த காம்பராவில் படுக்கவைத்தார்கள். கருவறைக்கு ஒன்றும் ஆகவில்லை, அம்மன் காப்பாற்றினாள் என்றார்கள். நரகத்துக்கும் ஒன்றும் ஆகவில்லை. கீழ்ப்பகுதியில் நெருப்புத்தான் போட்டிருந்தேன். சேறு படிந்ததில் அது முன்னைவிட நன்றாகவே இருந்தது.

மண்ணை அப்புறப்படுத்தி இடப்பக்கச் சுவரைத் திருப்பிக் கட்ட ஒரு மாதம் ஆயிற்று. அதற்குள் நான் ஏணி போட்டுவிட்டேன். கொப்பரையில் முன்வரிசைப் பாவியைச் சுரண்டி எடுத்தேன். அந்த இடத்தில் ஒரு முகம் வரைந்தேன். காலையில் தொடங்கிச் சாப்பிடாமல் வரைந்தேன். அதுவரை எனக்கு வராத கை அன்று வந்தது. வாயைத் திறக்கவில்லை. கண்ணைப் பெரிதாக்கவில்லை. முடித்துவிட்டு ஏணியிலிருந்து இறங்கியபோது, திரும்பிப் பார்க்காமல் வெளியே போய் வெயிலில் நின்றுகொண்டேன். பெருமையாக இருந்தது என்றுதான் சொல்லவேண்டும்.

மறுநாள் பகல் யாரும் அங்கே ரொட்டி தின்னவில்லை. கூடையோடு வந்த பெண்கள் வாசலிலேயே நின்றார்கள். ஒருவர் தலைப்பாகையை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டார். பல்வலிப் பூதம் அதே இடத்தில்தான் நின்றான். ஆனால் இப்போது அவனைப் பார்த்து யாரும் சிரிக்கவில்லை. அந்த முகம் பார்க்கிற திசையில் நிற்பதால் அவன்கூட நிஜமாகிவிட்டான். எனக்கு அன்றுதான் ஒன்று விளங்கியது. பூதத்தை எவ்வளவு பெரிதாகப் போட்டாலும் ஒன்றும் நடக்காது. பக்கத்தில் பயந்தவர் ஒருவர் இருந்தால் போதும், பூதம் எப்படி இருந்தாலும் பரவாயில்லை.

கங்காணி வந்து ரொம்பநேரம் நின்றார். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "இதுதான்" என்றார். பசறைப் பக்கம் தன் மச்சான் கட்டுகிற கோயிலுக்கும் என்னையே வரச்சொல்வதாகச் சொன்னார். நான் சித்திரக்காரனாகிவிட்டேன்.

பத்து நாள் சித்திரக்காரனாக இருந்தேன்.

முகத்தை யார் முதலில் அடையாளம் கண்டார்களோ தெரியாது. தண்ணீர் பிடிக்கிற பீலியடியில் பேச்சுத் தொடங்கியிருக்கிறது. இது செல்லாயி மாதிரி இல்லை? செல்லாயிதான். அப்படி என்ன பண்ணியிருக்கும்? சும்மா போடுவார்களா? மண்ணுக்குள் போய் வந்ததே அதற்குத்தானோ? கையைத் தொங்கப்போட்டுக்கொண்டு செல்லாயி அக்கா பீலிக்கு வந்தால், முன்னால் நின்றவர்கள் ரொம்ப மரியாதையாக விலகி வழிவிட்டார்களாம். பூசாரி திருநீற்றைக் கையில் வைக்காமல் மேலேயிருந்து போட்டாராம். பூனாகலை மாப்பிள்ளை வீட்டார் திருவிழாவுக்கு வருவதாக இருந்தார்கள்.

ஒருநாள் காலை அக்கா கோயிலுக்கு வந்தார். சுவருக்கு எதிரே நின்றார். என் பக்கம் திரும்பாமலே கேட்டார்.

"இது நான்தானே தம்பி?"

"இல்லக்கா. பொதுவா ஒரு பொம்பளை."

"கழுத்துல மரு, பொதுவா எல்லாருக்கும் இருக்குங்களா?"

மருவையும் போட்டிருந்தேன். கை வந்த நாளில் எதையும் விடுவதில்லை.

"நான் என்ன பாவம் பண்ணேன்?"

தூரிகையைக் கழுவினேன். ஏற்கெனவே கழுவிய தூரிகை.

"மண்ணுக்குள்ள இருந்தப்ப என்னையவே பாத்துக்கிட்டு இருந்தீங்க. எனக்குத் தைரியம் குடுக்கத்தான் பாக்குறீங்கன்னு நெனச்சேன். இவரு பாக்குற வரைக்கும் சாக மாட்டோம்னு இருந்தேன்." நல்ல கையால் சுவரைக் காட்டினார். "இதுக்குத்தான் பாத்தீங்களா?"

அவர் அழுதிருந்தால் நான் ஏதாவது சமாதானம் சொல்லியிருப்பேன். அவர் அழவில்லை. கேள்வியாகத்தான் கேட்டார். போய்விட்டார்.

நல்ல மனிதனாக இருந்தால் அப்போதே அழித்திருப்பேன். நான் அன்று சித்திரக்காரனாக இருந்தேன். என் வாழ்க்கையில் சரியாக வந்த ஒரே முகம் அது. யோசித்து யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தேன். முகத்தை அப்படியே வைத்துக்கொண்டு மீசை மட்டும் போட்டேன். மருவை எடுத்தேன். இறங்கிப் பார்த்தேன். ஆண்பிள்ளை மாதிரித்தான் எனக்குத் தெரிந்தது.

இரண்டு நாள் கழித்து அக்கா மறுபடி வந்தார்.

"இப்ப மீசை வெச்ச செல்லாயின்னு கூப்புடுறாங்க" என்றார். "மகளை, மீசைக்காரி மகன்னு சொல்றாங்க. திருவிழாவுக்கு எட்டு நாள்தான் இருக்கு. அழிச்சிருங்க தம்பி."

"இதை எடுத்தா நரகமே போயிரும்க்கா. கங்காணி என்னைய விட மாட்டாரு."

"அப்ப உங்க மூஞ்சிய வைங்க. நீங்களும் அங்கதானே இருந்தீங்க?"

நான் கைக்கண்ணாடியை நினைத்துக்கொண்டேன். "என் மூஞ்சி அப்ப எப்படி இருந்துச்சுன்னு எனக்குத் தெரியாதேக்கா."

"எனக்குத் தெரியும்" என்றார்.

அவருடைய முகத்தை நான்தான் சுரண்டினேன். சுண்ணாம்பு பூசிக் காயவைத்தேன். மறுநாள் காலை அவர் வந்து படிக்கட்டில் உட்கார்ந்துகொண்டார். ஒரு கை கட்டுப்போட்டுத் தொங்கியது. மற்றக் கையால் சொல்லிக்கொடுத்தார்.

"கண்ணை இன்னும் சின்னதாக்குங்க. இன்னும். கண்ணு எம்மேலதான் இருந்துச்சு, ஆனா பாக்கல."

"பாத்தேன்க்கா."

"மொதல்ல பாத்தீங்க. அப்புறம் பாக்கல. வாயி அசைஞ்சுக்கிட்டே இருந்துச்சு."

"என்ன பேசுனேன்?"

"அ, ஆ, இ, ஈ. ஃ வரைக்கும் போவீங்க. அப்புறம் மறுபடி அ-வுல இருந்து. பொழுது சாயற வரைக்கும் சொன்னீங்க."

எனக்கு அப்படி ஒன்று நடந்ததே தெரியாது. அந்த மண்ணுக்குள் நான் ஒரு சித்திரக்காரனாக, கூர்ந்து பார்த்துக்கொண்டு நின்றதாகத்தான் இவ்வளவு நாளும் நினைத்திருந்தேன். பெருமையோடும் கொஞ்சம் வெட்கத்தோடும் நினைத்திருந்தேன். உண்மையில் பள்ளிக்கூடத்தில் அடிவாங்கப் போகிற பிள்ளை மாதிரி உயிரெழுத்துச் சொல்லிக்கொண்டு நின்றிருக்கிறேன்.

"மூக்கு இவ்வளவு நல்லா இல்ல தம்பி. விரிஞ்சு போச்சு. நெத்தியில ஒரு நரம்பு பொடைச்சுச்சு, இந்தப் பக்கம். வாயை 'எ' சொல்ற மாதிரி வைங்க. 'ஏ' இல்ல, 'எ'."

வைத்தேன். இறங்கி வந்து அவர் பக்கத்தில் நின்று பார்த்தேன். துணிமூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு, கொப்பரைக்குள் நின்று, 'எ' என்று சொல்லிக்கொண்டிருந்தேன். செல்லாயி அக்கா சிரிக்க ஆரம்பித்தார். கட்டுப்போட்ட கை வலிக்க வலிக்கச் சிரித்தார். மற்றக் கையால் தோளைப் பிடித்துக்கொண்டு, வேண்டாம், வலிக்குது என்று சொல்லிக்கொண்டே சிரித்தார். மண்ணிலிருந்து வெளியே எடுத்த நாளிலிருந்து அவர் சிரித்து அன்றுதான் பார்த்தேன்.

திருவிழா வந்தது. பூனாகலையிலிருந்து மாப்பிள்ளையின் அப்பா வந்தார். மெலிந்த, நிதானமான மனிதர். சுவரைப் பார்த்தார். பக்கத்தில் பொங்கல் தின்றுகொண்டு நின்ற என்னையும் பார்த்தார். மறுபடி சுவரைப் பார்த்தார்.

"யாருங்க இது?" என்று கங்காணியைக் கேட்டார்.

"போட்டவனே" என்றார் கங்காணி. அவரும் அப்போதுதான் பார்த்தார். என் பக்கம் திரும்பி, "நீ எதுக்குடா உள்ள போய் நிக்கிற? என்ன பாவம் பண்ணே?" என்றார்.

பெண்கள் பக்கத்தில் செல்லாயி அக்காவும் மகளும் நின்றார்கள். பீலியடியில் விலகி நின்றவர்களும் நின்றார்கள். பூசாரியும் நின்றார்.

"கேக்காம ஒருத்தங்க மூஞ்சிய எடுத்துச் சுவத்துல போட்டேங்க" என்றேன். "அவங்க எந்தப் பாவமும் பண்ணல. எனக்கு அப்படி ஒரு மூஞ்சி தேவைப்பட்டுச்சு, எடுத்துக்கிட்டேன்."

மாப்பிள்ளையின் அப்பா கொப்பரையை ஒருமுறை அளந்து பார்த்தார்.

"அதுக்கு இவ்வளவு பெரிய கொப்பரைங்களா?"

"அளவு சரிதாங்க" என்றார் செல்லாயி அக்கா.

பரிசம் அன்றே போட்டார்கள். பூசாரி அக்காவின் கையில் திருநீற்றை அழுத்தி வைத்தார். நரகம் மட்டும் தோற்றுப்போயிற்று. பாவி பக்கத்திலேயே நின்று பொங்கல் தின்றால் யாருக்குத்தான் பயம் வரும்? சனங்கள் சுவரை ஒருமுறையும் என்னை ஒருமுறையும் பார்த்து ஒற்றுமை சரிபார்த்தார்கள். சிரிப்பு திரும்பி வந்துவிட்டது. பசறைக் கோயிலைப் பற்றிக் கங்காணி அதன் பிறகு பேசவில்லை. பதுளையில் இரண்டு கடைக்காரர்கள், நரகத்தில் இருக்கிற ஆள் எழுதிய பலகை வாசலுக்கு ஆகாது என்று வேறு ஆள் பார்த்துக்கொண்டார்கள். நான் மறுபடியும் எழுத்துக்காரனானேன். உருவம் என்று எதையும் பிறகு வரையவில்லை. நாயைக்கூட.

அந்தத் தோட்டத்திலிருந்து சொல்லாமல் கொள்ளாமல் போகிறவர்கள் போய்க்கொண்டுதான் இருந்தார்கள். போவதற்கு முன் கோயிலுக்கு வந்து கற்பூரம் ஏற்றிவிட்டு, கொப்பரையில் நிற்கிற என்னிடம் தலையசைத்துவிட்டுப் போவார்களாம். இரண்டு வருஷம் கழித்துச் செல்லாயி அக்காவும் அப்படித்தான் போனார். மகளுக்குப் பிரசவம். யாரையும் கேட்காமல் ஒரு விடியற்காலை பூனாகலைக்கு நடந்துவிட்டார். கங்காணியின் கணக்குப்படி அது கொப்பரைக்குத் தகுதியான குற்றம்தான்.

அவரை அதற்குப் பிறகு ஒரே ஒரு தடவை பண்டாரவளையில் பார்த்தேன். இடுப்பில் பேரப்பிள்ளை இருந்தது. "இதுதான் அ, ஆ மாமா" என்று பிள்ளைக்கு என்னைக் காட்டினார். பிள்ளை என்னைப் பார்த்து அழுதது. பயத்தை உண்டாக்குவதில் நான் அடைந்த கடைசி வெற்றி.

இப்போது ரயில் பதுளைவரை வருகிறது. மீரா நானாவின் கடை இருந்த இடத்தில் அவருடைய பேரன் மூக்குக்கண்ணாடி விற்கிறார். நானா இல்லை, கங்காணி இல்லை. கங்காணி என்ற உத்தியோகமே முன்பு இருந்த மாதிரி இல்லை. கோயிலை இடித்து, சிமெந்தில் கோபுரம் வைத்துக் கட்டிவிட்டார்கள். பழைய சுவரை உடைத்து, ஹாலிஎலைக்கு இறங்குகிற வளைவில் பாதை சரிந்த இடத்தை நிரப்பினார்களாம். நானும் என் கொப்பரையும் பல்வலிப் பூதமும் அங்கே மண்ணுக்குள் இருக்கிறோம். மேலே லொறி போகிறது.

செல்லாயி அக்கா பூனாகலையில் இறந்துபோய் எத்தனையோ வருஷம் ஆகிறது. அவர் முகத்தைச் சுவரில் பார்த்து வாயடைத்து நின்றவர்களில் இப்போது நான் ஒருவன்தான் மிச்சம் என்று நினைக்கிறேன். அந்த முகமும் எனக்குச் சரியாக ஞாபகமில்லை. எத்தனையோ தடவை கண்ணை மூடிப் பார்த்துவிட்டேன், கலங்கலாகத்தான் வருகிறது. தெளிவாக வருவது வேறொரு முகம். படிக்கட்டில் உட்கார்ந்து, உடைந்த தோளைப் பிடித்துக்கொண்டு, வேண்டாம், வலிக்குது என்று சிரித்த முகம். அன்று என் கையில் தூரிகை இருந்தது. எதிரே கொஞ்சம் சுவரும் மிச்சம் இருந்தது. போடட்டுமா என்று கேட்டிருந்தால் சரி என்றிருப்பார். நான் கேட்கவில்லை.